பிளக்கைப் பிடுங்கிய பிறகும்

மயிலாப்பூர்
9 ஜூலை 2025

ஜேக்கப்,

கடிதத்துக்கு மேல சிலுவை போடாம நான் எழுதறது இதுதான் முதல் தடவை. போடக் கை வரலை. நீ போன் பண்ணிக்கிட்டே இருக்கே. நான் எடுக்கலை, எடுக்கவும் மாட்டேன். கம்பி வழியா போற எதையும் உன்கூட இனிமே வச்சுக்கறதா இல்லை. இது தாள், கூரியர்ல வரும். பதில் எழுதற எண்ணம் இருந்தா நீயும் தாள்லயே எழுது.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு, அன்பியச் செபக் கூட்டத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு, அப்பாவுக்குப் பால்ல ஊற வச்சுக் குடுக்கலாம்னு ஆப்பம் வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வரேன். கட்டில் காலி. வீல்சேர் இல்லை, மாத்திரை டப்பா இல்லை. பக்கவாதம் வந்து நாலு வருஷமா அந்தக் கட்டிலை விட்டுத் தானா இறங்காத மனுஷன். நான் என்னவெல்லாம் நினைச்சிருப்பேன்னு யோசிச்சுப் பார். அப்புறம்தான் உன் பொண்டாட்டி அனுப்பின மெசேஜைப் பார்த்தேன். மாமா கொஞ்ச நாள் எங்ககூட இருக்கட்டும் அண்ணி, நீங்க ரெஸ்ட் எடுங்கன்னு ஜொவிட்டா போட்டிருந்தா. எனக்கு ரெஸ்ட் வேணும்னு நான் உங்ககிட்ட எப்பவாவது கேட்டேனா?

அன்னிக்கும் நான் கோபப்படலை. தம்பிக்கு அப்பா மேல திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு, ரெண்டு நாள்ல கொண்டு வந்து விட்டுடுவான்னு இருந்தேன். நேத்து சாயங்காலம் கோபாலபுரம் சித்தப்பா வந்தார். காபி வேண்டாம்னுட்டார். நம்ம வீட்டுக் காபியை அவர் வேண்டாம்னு சொல்லி நான் பார்த்ததில்லை. தரையைப் பார்த்துக்கிட்டே கேட்டார். “நீங்க போயிட்டா நான் நிம்மதியா தூங்குவேன்னு அண்ணன்கிட்ட சொன்னியாமேம்மா?”

சொன்னேன். இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா அதை நான் சொன்னது இந்த உலகத்துல ஒரே ஒருத்தர்கிட்ட. அவருக்குப் பேச வராது. அந்த நேரத்துல ஹால்ல நாங்க ரெண்டு பேர்தான். கட்டிலுக்கு மேல நீ மாட்டின கேமரா ஒண்ணு இருந்தது, அதையும் அணைச்சுட்டுதான் பேசினேன்.

அதை மாட்டின அன்னிக்கு நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா? உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் அக்கா, அப்பா விழுந்தா நம்ம ரெண்டு பேர் போன்லயும் மணி அடிக்கும், அதுக்கு மட்டும்தான்னே. நகம் அளவு மெமரி கார்டுதான் இருக்கு, ரெண்டு நாளைக்கு மேல ஒண்ணும் நிக்காது, பழசு மேல புதுசு எழுதிக்கும்னே. வேண்டாத நேரத்துல சுவிட்சை அணைச்சுடுன்னே. நான் அப்படியே செஞ்சேன். தினமும் செபமாலை முடிஞ்சதும் அணைப்பேன். அப்பாவுக்கு உடம்பு துடைச்சு, துணி மாத்தி, பக்கத்துல உட்கார்ந்து பேசுவேன். படுக்கும்போது திரும்பப் போட்டுடுவேன்.

சித்தப்பா போனதும் ஸ்டூல் போட்டு ஏறினேன். சுவிட்சை அணைச்சேன். கேமராவோட கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன், அப்பவும் எரியுது. பிளக் என் கையில இருக்கு, விளக்கு என் கண்ணு முன்னால எரியுது. வயரைத் தடவிக்கிட்டே போனா, பெட்டிக்குப் பின்னால அது எதுலயும் சொருகவே இல்லை. சுருட்டி, டேப் ஒட்டி வச்சிருக்கே.

அப்ப இத்தனை மாசமா நான் அணைச்சுக்கிட்டு இருந்தது எதை?

எனக்குக் காரணம் வேண்டாம். இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள அப்பாவைக் கொண்டு வந்து விடு.

ஐரின்


திருவான்மியூர்
12 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பேனா பிடிச்சு ரொம்ப காலமாச்சு. கோழி கிண்டின மாதிரி இருக்கும், உன் ஸ்கூல் பிள்ளைங்களுக்குப் போடற மாதிரி சிவப்புக் கோடு போடாதே.

முதல்ல, அப்பா நல்லா இருக்கார். மூணாவது மாடி, லிஃப்ட் இருக்கு, ஏசி இருக்கு, பால்கனியில கடல் காத்து. நான் ஒண்ணும் அவரைத் திருடிக்கிட்டு வரலை. எங்க வீட்டுக்கு வரீங்களாப்பான்னு கேட்டேன், அவரே இடது கையை நீட்டினார். வேன்ல என் கன்னத்தைக்கூடத் தட்டிக் குடுத்தார். வேன் ஓட்டின வேலு கூடவே இருந்தான், வேணும்னா அவனைக் கேளு.

இப்ப பெட்டி விஷயம். நீ நினைக்கிற மாதிரி வேவு பார்க்கிறதுக்காக நான் எதையும் மாத்தலை. நீ தினமும் பட்டுனு சுவிட்சை அணைக்கிறே. அது டியூப்லைட் இல்லைக்கா, கம்ப்யூட்டர். அது எழுதிக்கிட்டு இருக்கும்போது கரன்ட் போனா கார்டு கெட்டுடும். போன வருஷம் முழுக்க நான் கார்டு மாத்தி மாத்தி ஓய்ஞ்சு போனேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அப்பா கட்டில்ல இருந்து சரிஞ்சாரே, அப்ப மணி அடிச்சுதா? கார்டு செத்துக் கிடந்தது. பகல்ல பார்த்துக்கிற அன்வரி பேகம் அடுப்படியில இருந்து ஓடி வரலைன்னா என்ன ஆகியிருக்கும்?

அதனாலதான் பொங்கல் லீவுல அதுக்கு மேல இன்னொரு போர்டு பொருத்தினேன். அது ரெண்டு வேலை செய்யும். கார்டுக்குப் பதிலா எஸ்எஸ்டி, அதுலதான் இப்ப எல்லாம் பதிவாகும், நல்ல வேகம், லேசுல கெடாது. கரன்ட்டுக்குத் தனி வயர் தேவையில்லை, நெட்வொர்க் கேபிள் வழியாவே ஏறும். பரண்ல இருக்கிற இன்டர்நெட் பெட்டியில இருந்து வருது, அதுக்கு இன்வெர்ட்டர் இருக்கு. நான் ஆபீஸ் ஆபீஸா போய் தினம் செய்ற வேலைதான் இது. அப்பாவுக்குன்னு செய்யக்கூடாதா?

உன்கிட்ட சொன்னா கழட்டுன்னு சொல்லுவே. அதான் சொல்லலை. பழைய வயரை அப்படியே விட்டது உன் மனசு சமாதானத்துக்கு. எஸ்எஸ்டி பெரிசுங்கறதால பழசு அழியாம சேர்ந்துக்கிட்டே போச்சு. ஈஸ்டருக்கு முன்னால, தவக்காலத்துல ஒருநாள் மணி ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்கத்தான் உள்ளே போனேன். உன் குரல் கேட்டுது.

எங்க அக்கா மாதிரி உண்டான்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன். நீ அப்பாவைப் பார்த்து, போயிடுங்கப்பா, என்னால முடியலைங்கறே. நீங்க போயிட்டா நிம்மதியா தூங்குவேங்கறே. நாலு வருஷமா நீ என்னை ஏமாத்திக்கிட்டு இருந்த மாதிரி இருந்தது. அப்புறம் என்னால கேட்காம இருக்க முடியலை. மாத்திரை குடுக்கிறியா, கஞ்சி குடுக்கிறியான்னு தினம் பார்த்தேன். பயந்துபோய்த்தான் ஜொவிட்டாகிட்ட சொன்னேன், சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். என் இடத்துல நீ இருந்தா என்ன செஞ்சிருப்பே?

அப்பா இங்கேயே இருக்கட்டும். இதுதான் எல்லாருக்கும் நல்லது.

ஜேக்கப்


மயிலாப்பூர்
15 ஜூலை 2025

ஜேக்கப்,

வேலியே பயிரை மேயும்னு கேள்விப்பட்டிருக்கேன். மேஞ்சுட்டு, பயிர் மேலயே பிராது குடுக்கிற வேலியை இப்பதான் பார்க்கிறேன்.

நான் அணைச்சுதான் கார்டு செத்துதுன்னா, அக்கா அணைக்காதேன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு உனக்கு வாய் இல்லையா? சொன்னா கழட்டுன்னு சொல்லுவேன்னு எழுதியிருக்கே. ஆமா, சொல்லியிருப்பேன். நான் வேண்டாம்னு சொல்லுவேன்னு தெரிஞ்சேதான் செஞ்சிருக்கே. அழற குழந்தைக்கு ரப்பர் நிப்பிள் குடுக்கிற மாதிரி எனக்கு ஒரு வெத்து வயரைத் தொங்க விட்டிருக்கே. இதுல மனசு சமாதானமாம். யார் மனசு?

என் இடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு கேட்டே. ஆட்டோ பிடிச்சு நேரா வந்திருப்பேன். ஏண்டா இப்படிச் சொன்னேன்னு உன் சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருப்பேன். நீ தவக்காலத்துல கேட்டிருக்கே. உயிர்த்த ஞாயிறுக்கு என் வீட்டுக்கு வந்து, என் கையால பிரியாணி தின்னுட்டு, அருமையா இருக்குக்கான்னு சொல்லிட்டுப் போனே. அப்பவும் இதையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டுதானே தின்னே?

நான் சொன்னதைக் கேட்டே, சரி. அன்னிக்கு என்ன நடந்ததுன்னு பார்த்தியா? பத்தாங்கிளாஸ் கணக்குப் பேப்பர் கட்டு ஒரு தோள்ல, முதுகுப் பிடிப்பு இன்னொரு பக்கம். அப்பாவுக்கு வயிறு சரியில்லை. மூணாவது தடவை சுத்தம் பண்ணிப் புதுத் துணி விரிக்கிறேன், அவர் கோபத்துல மக்கைத் தட்டி விட்டார். தண்ணி பூரா மெத்தையில. அப்பதான் சொன்னேன். தரையில உட்கார்ந்து அழுதுக்கிட்டே சொன்னேன். அதுக்கு அப்பா என்ன செஞ்சார் தெரியுமா? இடது கையை நீட்டி, சின்ன வயசுல செய்வாரே, அதே மாதிரி என் மூக்கைப் பிடிச்சு ஆட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவரும் அந்தக் கோண வாயால சிரிச்சார். ரெண்டு பேரும் அழுதுக்கிட்டே சிரிச்சோம். அதுவும் உன் எஸ்எஸ்டில இருக்கும். அதை நீ பார்க்கலையா, இல்லை சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டும்போது அதுக்கு முன்னாடியே நிறுத்திட்டியா?

பாவசங்கீர்த்தனத் தொட்டியில சொன்னதைச் சாமியார் செத்தாலும் வெளியே விடமாட்டார். எனக்கு அப்பாதான் அந்தத் தொட்டி. ஸ்டாஃப் ரூம்ல என்னைக் குத்திப் பேசினதெல்லாம் அவர்கிட்டதான் சொல்லுவேன். எங்க ஸ்கூல் ஜவஹர் சார் மாற்றல் வாங்கிக்கிட்டுப் போன அன்னிக்கு, அவர் கேட்டப்ப சரின்னு சொல்லியிருக்கலாமோன்னு அப்பாகிட்ட மட்டும்தான் கேட்டேன். நாற்பத்து நாலு வயசுல ஒரு பொம்பளை அதை வேற யார்கிட்ட கேட்பா? அதையும் நீ கேட்டிருப்பே. ஜொவிட்டாவும் கேட்டாளா?

ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்தேன். நீ வேலை விஷயமா வெளியே போயிருந்தே. ஜொவிட்டா உள்ளே விட்டா, ஆனா நகரலை. நான் தலையணையை எடுத்து அமுக்கிடுவேனோங்கற மாதிரி கட்டில் பக்கத்துலயே நின்னா. அப்பா என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டார். ஜொவிட்டாதான் மெல்ல விடுவிச்சா. மெல்லத்தான் விடுவிச்சா, அதையும் சொல்லணும்.

கஞ்சியை எப்பவும் அவரோட இடது வாய்ப் பக்கமா குடுங்க. வலது பக்கம் குடுத்தா தங்கிடும், புரை ஏறும். முதல் வாய்க்கு முன்னாடி ஏதாவது பேசணும், சும்மா ஸ்பூனை நீட்டினா வாயைத் திறக்கமாட்டார். உங்க மேல இருக்கிற கோபத்துல இதை எழுதாம விட முடியலை.

அப்பாவைக் கொண்டு வந்து விடு.

ஐரின்


திருவான்மியூர்
22 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படிச்சேன். சண்டைக்கு எனக்குத் தெம்பு இல்லை.

அப்பா சரியா சாப்பிடறதில்லை. நீ எழுதினபடி இடது பக்கமாத்தான் குடுக்கிறோம். ஏஜென்சியில இருந்து ஒரு பையனை வச்சோம், அப்பா அவன் கையைக் கடிச்சுட்டார், அவன் போயிட்டான். ஜொவிட்டாவுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. டாக்டரைக் கூட்டி வந்து காட்டினேன். உடம்புல புதுசா ஒண்ணும் இல்லை, இடம் மாறினதுதான், பழகிடும்னார். எனக்கும் அப்படித்தான் தோணுது, கொஞ்சம் பொறுத்தா பழகிடுவார். ஏசி வேற ஒத்துக்கலை, நிறுத்திட்டோம்.

பேசச் சொன்னே. என்ன பேசறதுன்னு தெரியலை. ஆபீஸ் விஷயம் சொல்றேன், கிரிக்கெட் ஸ்கோர் சொல்றேன். சுவரைப் பார்த்துப் படுத்துக்கறார். நீ தினமும் அவ்வளவு நேரம் என்னதான் பேசுவேன்னு... சரி, அதை விடு. கேட்டவன்தானே நான், எனக்கே தெரியுமே.

ஜொவிட்டா கேட்டாளான்னு கேட்டிருந்தே. அந்த ஒரு நாளைத்தான் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். ஜவஹர் சார் விஷயம் அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அன்வரி பேகத்தைக் கொஞ்ச நாளைக்கு இங்கே அனுப்ப முடியுமா? திருவல்லிக்கேணியில இருந்து அவங்களுக்கு தூரம்தான். வேலுவை விட்டு வேன்ல கூட்டி வரச் சொல்றேன். நானே போன் பண்ணிக் கேட்டேன், ஐரினம்மா சொன்னாத்தான் வருவேன்னு வச்சுட்டாங்க.

இன்னொண்ணு. அந்தப் பெட்டியை நீ தொடாதே. கேபிளைப் பிடுங்கிடாதே, போன்ல ஆப்லயும் எதையும் நோண்டாதே, டேட்டா கெட்டுடும். நானே அடுத்த வாரம் வந்து கழட்டி எடுத்துட்டு, எல்லாத்தையும் அழிச்சுடறேன். உனக்கும் அதுதானே வேணும்?

ஜேக்கப்


மயிலாப்பூர்
27 ஜூலை 2025

ஜேக்கப்,

அன்வரி பேகத்தை அனுப்பியிருக்கேன். உனக்காக இல்லை. போய்ச் சேர்ந்த அன்னிக்கே அப்பா ஒரு கிண்ணம் கஞ்சி குடிச்சாராம். அந்தம்மா என்கிட்ட சொல்லிட்டு அழுதுட்டாங்க.

பெட்டியைத் தொடாதேன்னு எழுதினே. நான் உனக்குப் பால் குடுத்து வளர்த்தவ இல்லைதான், ஆனா மூக்குச் சளி துடைச்சவ. எதையாவது உடைச்சுட்டா, அந்த ரூமுக்குப் போகாதேக்கான்னு வந்து நிப்பே. அந்தக் குரல்தான் கடிதத்துல கேட்டுது.

ஸ்கூல்ல இருந்து அப்பாவைப் பார்க்கறதுக்குன்னு நீ போட்டுக் குடுத்த ஆப் என் போன்லயும் இருக்கு. ரெண்டு நாளைக்கு மேல இருக்காதுன்னு நீ சொன்னதை நம்பி, நான் பின்னாடி தள்ளிப் பார்த்ததே கிடையாது. நேத்து தள்ளினேன். போய்க்கிட்டே இருக்கு. பொங்கல் வரைக்கும் போகுது. தொட்டதும் சட்டுனு வருது, நல்ல வேகம்தான், நீ எழுதினபடியே.

என்னை நான் பார்க்கலை. அன்வரி பேகத்துக்கு லீவுன்னு தெரிஞ்சு அப்பாவை நீ தூக்கிட்டுப் போன ஞாயித்துக்கிழமையைப் பார்த்தேன்.

நீ உள்ளே வரே. வேலு வாசப்படியில நிக்கிறான். அப்பா உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நீ அவர் காதுகிட்ட மெல்ல எதுவோ சொல்றே. அவர் தலையை ஆட்டறார், வேண்டாம்னு. மறுபடியும் சொல்றே, மறுபடியும் வேண்டாம்கறார். நீ மேல கேமராவைப் பார்க்கிறே. அப்புறம் சுவிட்சை அணைக்கிறே.

நீயே போட்ட கேபிள், நீயே ஏத்தின கரன்ட். நீயே போய் அந்த வெத்து வயரோட சுவிட்சை அணைக்கிறே. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, சத்தியமா. வீட்டை விட்டுக் கிளம்பும்போது சுவிட்சை அணைச்சுட்டு வாடான்னு நம்மளை அம்மா விரட்டினது உன் கையில அப்படியே இருக்கு. ஆனா அன்னிக்கு நீ பழக்க தோஷத்துல அணைக்கலை. என் கண்ணுல படக்கூடாதுன்னு அணைச்சே. அதுதான் உன் முகத்துல தெரியுது.

அதுக்கப்புறம் நடந்ததை எழுதணுமா? எழுதறேன், நீயும் படி. நீ தோள்ல கை குடுத்துத் தூக்கறே. அப்பா இடது கையால கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கறார். முப்பது வருஷம் டிரில் மாஸ்டரா இருந்த கை, லேசுல விடுமா? நீ ஒவ்வொரு விரலா பிரிக்கறே. ஒண்ணு பிரிச்சா இன்னொண்ணு பிடிச்சுக்குது. விடுங்கப்பா, உங்க நல்லதுக்குத்தான்னு சொல்றே. அவர் ஒரு சத்தம் போடறார். நாலு வருஷத்துல அவர் தொண்டையில இருந்து அப்படி ஒரு சத்தம் வந்து நான் கேட்டதில்லை. வேலு வெளியே திரும்பி நின்னுக்கறான்.

அவரே கையை நீட்டினார், வேன்ல கன்னத்தைத் தட்டினார்னு எழுதினியே. அதை எழுதும்போது உனக்குக் கை கூசலையா? நான் சொன்ன வார்த்தை கேவலம்தான். ஆனா சொல்லிட்டு, அவர் பக்கத்துலதான் பாய் போட்டுப் படுத்தேன். நீ ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லாம அவர் விரலைப் பிரிச்சே.

சித்தப்பாவைக் கூப்பிட்டு இதைப் போட்டுக் காட்ட எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகாது. காட்டமாட்டேன். அப்பா அப்படிச் சத்தம் போட்டதை யாரும் கேட்கவேண்டாம்.

எப்ப கொண்டு வரேன்னு மட்டும் எழுது.

ஐரின்


திருவான்மியூர்
30 ஜூலை 2025

அக்கா,

சனிக்கிழமை காலையில கொண்டு வரேன். இன்னைக்கே வந்திருப்பேன், டாக்டர் நாளன்னைக்கு ஒரு ஊசி போடணும்னார், அதுக்காகத்தான்.

அன்னிக்கு அவர் வேண்டாம்னு தலையாட்டினது எனக்குத் தெரியும். உன் பேச்சைக் கேட்டுக் கேட்டு, உன்கிட்ட இருந்து அவரைக் காப்பாத்தறேன்னு ஒரு வெறி வந்துடுச்சு. வேன்ல ஏறினதும் நான்தான் அவர் கையை எடுத்து என் கன்னத்துல வச்சுக்கிட்டேன். அதைத்தான் தட்டிக் குடுத்தார்னு எழுதினேன். எழுதும்போது எனக்கே நிஜம் மாதிரி இருந்தது.

இங்கே வந்ததுல இருந்து அந்தக் கையால அவர் என்னைத் தொடலை. சனிக்கிழமை போறோம்ப்பா, அக்காகிட்டன்னு சொன்னேன். என்னைத் திரும்பிப் பார்த்தார், இத்தனை நாள்ல முதல் தடவையா.

சித்தப்பாகிட்ட நான் முழுசா போட்டுக் காட்டலைன்னு சொல்லிட்டேன். அப்பா மூக்கைப் பிடிச்சு ஆட்டினதையும் சொன்னேன். அவர் போனை வச்சுட்டார்.

மன்னிச்சுடுன்னு கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஜேக்கப்


மயிலாப்பூர்
10 ஆகஸ்ட் 2025

ஜேக்கப்,

ரெண்டு நாளா போன்ல கூப்பிட்டுப் பார்த்திருக்கே. அப்பா எப்படி இருக்கார்னு கேட்கத்தான்னு தெரியும். அதனால எழுதறேன்.

நல்லா இருக்கார். அன்னிக்கு நீ வாசல்லயே நின்னுட்டே, உள்ளே வான்னு நான் சொல்லலை. சொல்லக்கூடாதுன்னு இல்லை, வாயில வரலை. கட்டில்ல போட்டதும் அந்தக் கம்பியைத் தடவிப் பார்த்தார். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் தூங்கினார். இப்ப ரெண்டு வேளையும் கஞ்சி, மத்தியானம் குழைச்ச சாதம். அன்வரி பேகம் பழையபடி வராங்க. சித்தப்பா வந்தார், காபி குடிச்சார்.

பெட்டி, போர்டு, எஸ்எஸ்டி, கேமரா எல்லாத்தையும் வேலுகிட்ட குடுத்து அனுப்பியாச்சு. கேபிளை நானே பரண்ல ஏறி இழுத்துப் போட்டேன். சுவர்ல ஆணி அடிச்ச ஓட்டை மட்டும்தான் இருக்கு. அழிப்பியோ வச்சுப்பியோ, உன் இஷ்டம். அழிச்சேன்னு நீ சொன்னா நம்பணும், அதுக்கு இப்ப என்னால முடியாது. அப்பா விழுந்தா மணி அடிக்காதுதான். கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் தடுப்புக் கம்பி வச்சிருக்கேன், ராத்திரி நான் பக்கத்துல படுத்துக்கறேன்.

மன்னிப்பு கேட்டிருந்தே. அதைப்பத்தி நான் சாமியார்கிட்டயும் கேட்டேன், மன்னிக்கணும்னார். மன்னிப்பேன், நீ என் தம்பி, வேற போக்கிடம் எனக்கும் இல்லை. ஞாயித்துக்கிழமைகள்ல அப்பாவை வந்து பாரு. பிரியாணி போடறேன். இந்தக் கடிதம் எழுதறது அதைப்பத்தி இல்லை.

அப்பா வந்த அன்னிக்கு செபமாலை சொன்னோம். துடைச்சு, துணி மாத்தி, பக்கத்துல உட்கார்ந்தேன். ஒரு மாசக் கதை இருக்கு சொல்றதுக்கு. வாயைத் திறந்தேன், ஒண்ணும் வரலை. ஹால்ல எதுவும் இல்லைன்னு எனக்குத் தெரியும், நானே பிடுங்கிப் போட்டேன். ஆனாலும் எந்த வார்த்தையைச் சொல்லப்போனாலும் இதை யாராவது கேட்டா எப்படி இருக்கும்னு முதல்ல தோணுது, அப்புறம் அந்த வார்த்தை வரமாட்டேங்குது. மாத்திரை போட்டுக்கோங்கப்பா, தண்ணி வேணுமாப்பா, அவ்வளவுதான் பேசறேன். அதெல்லாம் அன்வரி பேகமும் பேசுவாங்க.

இன்னைக்கும் அதே கதைதான். செபமாலை முடிஞ்சு உட்கார்ந்திருக்கேன், பேச்சு வராததாலதான் உனக்கு எழுதிக்கிட்டு இருக்கேன். அப்பா இன்னும் தூங்கலை. நான் எப்ப ஆரம்பிப்பேன்னு என் வாயையே பார்த்துக்கிட்டு இருக்கார்.

ஐரின்